நாலு ஸ்பிரிங்

திருத்தணியில் டிசம்பர் 31 என்றால் படித் திருவிழா. 365 படி, படிக்குப் படி கற்பூரம், மஞ்சள் குங்குமம், திருப்புகழ் என்று மலையே களைகட்டும். உள்ளூர்க்காரனான எனக்கே ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். போன வருஷம் பாதி வழியில் மாமா "முட்டி ஒத்துக்கல மாப்ள" என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டார். துணைக்கு நானும் என் பையனும்.

பையன் சும்மா இருப்பானா? "இங்கிலீஷ் நியூ இயருக்கு ஏன்பா முருகனுக்குத் திருவிழா?" என்றான். நல்ல கேள்வி. வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி 1 அன்று பழம், மாலையோடு துரைமார்களைப் பார்த்துக் கும்பிட்டு வருவது நம்மவர்கள் வழக்கம். "அந்த துரைகளைக் கும்பிடுறதுக்கு, துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனைக் கும்பிடுங்கடா" என்று வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பித்து வைத்ததுதான் இது. சொன்னேன்.

"ஆஷ் துரை மாதிரியா?"

சரியான இடத்தில் பிடித்தான். அப்புறம் என்ன, வாஞ்சிநாதன் கதையை உணர்ச்சி பொங்க எடுத்துவிட்டேன். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன், மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், கையில் பிரௌனிங் துப்பாக்கியோடு வாஞ்சி. சுட்டுவிட்டு ஓடி, பிளாட்பாரக் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டது வரைக்கும் சொல்லி முடித்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா நிதானமாக ஒன்று கேட்டார். "அதெல்லாம் சரி மாப்ள, அந்தத் துப்பாக்கிய யாரு கிளீன் பண்ணாங்க?"

முழித்தேன். இத்தனை வருஷமாக வாஞ்சி பற்றிப் படிக்கிறேன். இந்தக் கேள்வி ஒருநாள் கூடத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியின் விளைவுதான் இந்தப் பதிவு.

முதலில் மாமாவைப் பற்றி ரெண்டு வரி. என் அம்மாவின் தம்பி. 1955இல் இதே ஊரில், அப்போது அது ஆந்திரா, பிறந்தவர். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்தபோது இவரும் வந்துவிட்டார். வீட்டை விட்டு நகராமலே மாநிலம் மாறிய ஆள் :-) அப்புறம் ஆர்மரர் வேலை. அதாவது படைக்கலன் பழுது பார்ப்பவர். முப்பது வருஷத்துக்கு மேல் துப்பாக்கி எண்ணெய் வாசனையோடு வாழ்ந்து ரிட்டயர் ஆனவர்.

அவர் சொல்வது இதுதான். "பிஸ்டல்னா இன்னான்ற? நாலு ஸ்பிரிங். அதைச் சுத்தி இரும்பு. அவ்ளோதான்."

படியில் உட்கார்ந்தபடியே, கற்பூரப் பாக்கெட்டை துப்பாக்கியாக வைத்துக்கொண்டு பையனுக்குப் பாடம் நடத்தினார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ரிவால்வரில் சுழலும் உருளை இருக்கும். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை இன்னொரு தடவை இழுத்தால் போதும், அடுத்த தோட்டா எதிரே வந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் அப்படி இல்லை. தோட்டா வெடித்த வேகத்தில்தான் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போகிறது. போகிற போக்கில் காலிக் கூட்டைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே தள்ளுகிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து குழலுக்குள் வைத்து மூடுகிறது. இத்தனையும் கண் இமைப்பதற்குள். இதில் ஒன்று சொதப்பினாலும் அடுத்த குண்டு கிடையாது.

நாலு ஸ்பிரிங்கும் நாலு விதமாகக் காலை வாரும்.

முதலாவது, ஸ்லைடைத் திருப்பி அனுப்பும் ரீகாயில் ஸ்பிரிங். தளர்ந்துவிட்டால் ஸ்லைடு பின்னால் போய் 'மடார்' என்று சட்டத்தில் இடிக்கும். காலிக் கூடுகள் வழக்கத்தைவிட எட்டிப் போய் விழும். திரும்பி வரும்போதோ முழுசாக மூடாமல் நூலளவு இடைவெளி விட்டு நின்றுவிடும். கூடு எங்கே விழுகிறது என்று பார்த்தே மாமா ஸ்பிரிங்கின் வயசைச் சொல்வாராம்.

இரண்டாவது, மேகசின் ஸ்பிரிங். இது சோர்ந்தாலோ, மேகசின் வாயின் உதடு லேசாக நெளிந்தாலோ அடுத்த தோட்டா சரியான கோணத்தில் ஏறாது. "ஜாம்னு யாராவது எடுத்தாந்தா மொதல்ல மேகசின மாத்திப் பாரு. மாத்துனதும் சரியாச்சுன்னா துப்பாக்கி மேல தப்பு இல்ல" என்றார். அதற்காகவே ஒவ்வொரு மேகசினிலும் நம்பர் போட்டு வைப்பாராம்.

மூன்றாவது, எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் ஸ்பிரிங். கொக்கி முனை மழுங்கினாலோ, ஸ்பிரிங் வலு இழந்தாலோ, அடியில் அழுக்கு சேர்ந்தாலோ காலிக் கூடு உள்ளேயே தங்கிவிடும். பின்னால் வரும் புதுத் தோட்டா அதில் முட்டிக்கொண்டு நிற்கும்.

நான்காவது, அடிக்கும் ஸ்பிரிங். இது சோர்ந்தால் 'டிக்' என்று சத்தம் வரும், குண்டு வராது. வெடிக்காத தோட்டாவின் கேப்பைப் பார்த்தால் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும்.

இதைக் கேட்ட பிறகு பழைய கதைகளைத் திரும்பப் படித்தேன். வேறு மாதிரி தெரிந்தன.

ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி செய்து விற்ற 1900 மாடல் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 7.65 மில்லிமீட்டர், மேகசினில் ஏழு தோட்டா. தட்டையாக இருக்கும், கோட்டுப் பையில் வைத்தால் வெளியே தெரியாது. ஐரோப்பாவில் பிரௌனிங் என்றாலே பிஸ்டல் என்று ஆகிவிட்டது, நமக்கு ஜெராக்ஸ் மாதிரி. இதில் ஒரு விசேஷம் உண்டு. ரீகாயில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே இருக்கும், ஊசியை அடிக்க வைப்பதும் அதே ஸ்பிரிங்தான். மாமா கணக்கில் இது மூணு ஸ்பிரிங் துப்பாக்கி. மிச்சம் பிடித்தது சாமர்த்தியம்தான், ஆனால் அந்த ஒன்று சோர்ந்தால் ரெண்டு வியாதி சேர்ந்து வரும்.

1909இல் லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை அனுப்பினார். கொண்டுவந்தவர் அங்கே சமையல்காரராக இருந்த சதுர்புஜ் அமீன், பெட்டியின் கள்ள அடித்தட்டில் மறைத்து. அதில் ஒன்றுதான் 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைச் சுட அனந்த் கான்ஹெரே கைக்குப் போனது. ஒன்றரை வருஷம் கழித்து மணியாச்சியிலும் பெல்ஜியம் பிரௌனிங்.

கொண்டுவந்து சேர்ப்பது வரை சாகசக் கதை. அதற்கப்புறம்? 1878 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருந்தாலே குற்றம். ரிப்பேருக்கு எந்தக் கடைக்குக் கொண்டுபோவது? ஸ்பிரிங் உடைந்தால் யாரிடம் கேட்பது? தோட்டா தீர்ந்தால்? பயிற்சி எடுத்தால்தான் குறி வரும், பயிற்சி எடுத்தால் தோட்டா தீரும், ஸ்பிரிங் தேயும். எடுக்காமல் மண்ணிலோ பரணிலோ ஒளித்து வைத்தால் துரு ஏறும். இரண்டு பக்கமும் இடி.

புதுச்சேரி ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பிரெஞ்சுக்காரன் மண், பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது. லண்டனிலிருந்து தப்பி 1910 கடைசியில் அங்கே வந்து சேர்ந்தவர் வ.வே.சு. ஐயர். அவரிடம்தான் 1911 தொடக்கத்தில் வாஞ்சி சுடப் பழகினார். வாஞ்சி அதற்கு முன் புனலூரில் வனத்துறை குமாஸ்தா. பேனா பிடித்த கை. ஐயரை நாம் சிறுகதை முன்னோடி என்றும், கம்பனைப் பற்றி எழுதியவர் என்றும் கொண்டாடுகிறோம். குறி பார்க்கக் கற்றுக் கொடுத்தவர், துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்து மாட்டவும் கற்றுக் கொடுக்காமல் இருந்திருப்பாரா? மாமா கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். (கொலை சரியா, வாஞ்சியின் கடிதத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் பெரிய விவாதம். அது தனிப் பதிவு.)

வங்காளத்துக்காரர்கள் இந்தப் பிரச்சினைக்கு வேறு வழி கண்டார்கள். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கில் பத்துப் பெட்டிகளை அந்தக் கம்பெனி குமாஸ்தாவே மடக்கிவிட்டார். உள்ளே 50 மௌசர் பிஸ்டல், 46,000 தோட்டா. தோட்டா எண்ணிக்கையைக் கவனியுங்கள், அதுதான் பெரிய விஷயம். மௌசரில் கைப்பிடிக் கட்டையைப் பிடித்திருக்கும் ஒரு திருகைத் தவிர வேறு திருகே கிடையாது, பாகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். மேகசின் உடம்போடு சேர்ந்தது, தனியாகக் கழன்று தொலையாது. அந்தப் பிஸ்டல்கள் பிறகு 54 சம்பவங்களில் பயன்பட்டதாக 1918 ரௌலட் கமிட்டி அறிக்கை கணக்குச் சொல்கிறது.

இதற்கு நேர் எதிர் 1930 ஏப்ரல் 18 சிட்டகாங். ஆயுதக் கிடங்கையே பிடித்துவிட்டார்கள். துப்பாக்கி கிடைத்தது, தோட்டா இருந்த இடம் தெரியவில்லை!

சர்க்காருக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அவர்களுக்கு ஆர்மரர் இருந்தான், ரிஜிஸ்டர் இருந்தது, ஸ்பேர் ஸ்பிரிங் இருந்தது. துப்பாக்கி ரெண்டு பேர் கையிலும்தான் இருந்தது. ஒர்க்‌ஷாப் ஒருத்தனிடம் மட்டும்தான் இருந்தது. ரகசியக் குழுக்கள் ஒரு பெரிய சம்பவம் செய்துவிட்டு ஓய்ந்து போனதற்கு போலீஸ், துரோகம், தூக்கு என்று ஆயிரம் காரணம் உண்டு. பட்டியலின் கடைசியில் இந்த ஸ்பிரிங்கையும் சேர்க்கலாம் என்பது என் கட்சி.

இதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். "ரிஜிஸ்டர் இருந்தா போதுமா?" என்று சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார், அதுவரை யாரிடமும் சொல்லாதது.

நாலு ஸ்பிரிங் தவிர இன்னொன்று இருக்கிறது, சியர். ஹாமரைப் பிடித்து நிறுத்தி வைக்கும் சின்னப் பல். அது தேய்ந்தால் ஸ்லைடு மூடும் அதிர்ச்சிக்கே ஹாமர் விழுந்துவிடும், விசையைத் தொடாமலே சுடும். அப்படி ஒரு பழைய பிஸ்டல் ஒருமுறை அவர் மேஜைக்கு வந்தது. பத்துத் தடவையில் ஒரு தடவை மட்டும் ஹாமர் நிற்கவில்லை. மேலே இருந்தவர் "ஒன்பது தடவை நிக்குதில்ல, கையெழுத்து போடு" என்றார். போட்டுவிட்டார். மூணாம் மாசம், புதுசாக வேலைக்கு வந்த பையன் ஒருத்தன் லோடு பண்ணும்போது வெடித்து, இடது காலில் ரெண்டு விரல் போய்விட்டது. விசாரணையில் 'கவனக்குறைவு' என்று அந்தப் பையன் மேலேயே எழுதினார்கள்.

"அதுக்கப்புறம் எவன் சொன்னாலும் நான் கையெழுத்து போட்டது இல்ல மாப்ள. அதுக்காக என்னைப் பந்தாடுனாங்க. பரவால்ல. ஆனா அந்தப் புள்ள கிட்ட நான் போய் உண்மையச் சொல்லல."

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மேலே அடுத்த படிக்குக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் கந்த சஷ்டிக்குக் கூட இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. அந்த ஊரில் பிறந்த ஆளுக்கு இப்படி ஒரு வேலை.

பேச்சை மாற்ற பகத்சிங் துப்பாக்கி கதையைச் சொன்னேன். 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட பாயிண்ட் 32 கோல்ட் ஆட்டோமேட்டிக். அது எங்கே போனதென்று பல வருஷம் யாருக்கும் தெரியாது. இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுத அருங்காட்சியகத்தில் நூற்றோடு நூற்றொன்றாக இருந்திருக்கிறது. துருப் பிடிக்காமல் இருக்கக் கறுப்பு பெயிண்ட் அடித்து வைத்திருந்ததால் நம்பர் மறைந்துபோயிருந்தது. 2016இல் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தபோது 168896. வழக்கு ஆவணத்தில் இருந்த அதே நம்பர்.

மாமா ரொம்ப நேரம் யோசித்தார்.

"பெயிண்ட் அடிச்சவனைத் திட்டி இருப்பாங்களே?"

"இருக்கலாம் மாமா."

"அவன் நல்ல ஆர்மரர். யாரோடதுன்னு தெரியாமலே காப்பாத்தி வச்சிருக்கான் பாரு" என்றபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மீதிப் படிகளை ஏறினோம்.

டிஸ்கி: மாமாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "அந்தப் புள்ள எங்கயாவது படிக்கட்டும்" என்றார்.