எர்வின் சார்காஃப்: அளவீடும் வரலாறும்

விஞ்ஞான வரலாற்றைப் பரிசுப் பட்டியல்களைக் கொண்டு எழுதும் வழக்கம் வேரூன்றியுள்ளது. டி.என்.ஏ. பற்றிய வரலாறு இதற்குத் தக்க சான்று. வாற்சனும் கிறிக்கும் 1953 இல் வெளியிட்ட இரட்டைச் சுருள் அமைப்பிலிருந்தே அது பெரும்பாலும் தொடங்கப்படுகிறது. ஆனால், அதற்கு முன் ஒரு பழைய கருதுகோள் தகர்க்கப்பட வேண்டியிருந்தது. அப்பணியில் முதன்மையான பங்கு உயிர் இரசாயனவியலாளர் எர்வின் சார்காஃபுக்கு உரியது.

அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் செர்னோவிற்ஸ் நகரில், யூதக் குடும்பமொன்றில் 1905 இல் பிறந்த சார்காஃப், 1928 இல் வியன்னாவிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பேர்லினில் ஆய்வு நடத்திவந்த அவர், 1933 இல் நாசிகள் ஆட்சியேற்றதும் அங்கிருந்து வெளியேறினார். பாரிஸ் பஸ்தேர் நிறுவனத்திற் சிறிது காலம் பணியாற்றியபின், 1935 இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

அக்காலத்தில் டி.என்.ஏ. பற்றிய சிந்தனையை ஆண்டது நான்கு நியூக்கிளியோதைட்டுக் கருதுகோள் ஆகும். அடினின், தைமின், குவானின், சைற்றோசின் ஆகிய நான்கு மூலங்களும் டி.என்.ஏ.யிற் சம அளவில் மாறாது திரும்பத் திரும்ப அமைகின்றன என்பது அதன் சாரம். டி.என்.ஏ.யில் உள்ள வெல்லத்தை இனங்கண்ட பீபஸ் லெவீனின் பெயர் அதற்குப் பெரும் வலுவளித்தது. இத்துணைச் சலிப்பூட்டும் மூலக்கூறு பரம்பரைப் பண்புகளைத் தாங்கவியலாது, புரதமே அதற்குரியது என்றே பலரும் கருதினர்.

1944 இல் ஏவறி, மக்லியொட், மக்கார்ட்டி ஆகியோர், நியூமோனியாக் கிருமியின் பரம்பரைப் பண்பை மாற்றும் பொருள் டி.என்.ஏ.யே எனக் காட்டினர். இதன் முக்கியத்துவத்தை உணர்ந்த சார்காஃப் தமது ஆய்வுகூடத்தின் திசையையே மாற்றினார். உயிரினங்கள் வேறுபடுவது டி.என்.ஏ.யினால் எனின், அவற்றின் டி.என்.ஏ.யும் வேறுபட வேண்டுமன்றோ? மூலங்களை வடிதாளில் ஊரவிட்டுப் பிரித்து, ஊதாக்கடந்த கதிரை அவை உறிஞ்சும் அளவைக் கொண்டு அவற்றின் தொகையைக் கணித்தார்.

1950 இல் அவர் தொகுத்துரைத்த முடிவுகள் இரண்டு. மூலங்களின் விகிதம் இனத்துக்கினம் வேறுபடுகிறது. ஓர் இனத்தின் எல்லா இழையங்களிலும் ஒன்றாகவே உள்ளது. அடுத்து, அடினின் தைமினுக்கும், குவானின் சைற்றோசினுக்கும் ஏறத்தாழச் சமமாகும். மனிதரில் முதற்சோடி தலா 30 சதவீதமளவிலும் மற்றையது தலா 20 சதவீதமளவிலும் உள்ளன. பழைய கருதுகோள் இவ்வெண்களின் முன் நிலைக்கவில்லை.

1952 இல் கேம்பிறிட்ஜில் வாற்சனையும் கிறிக்கையும் சந்தித்த சார்காஃப் இச்சமன்பாட்டை எடுத்துரைத்தார். மறு ஆண்டில் அவர்கள் அமைத்த மாதிரியில் அச்சமன்பாடு மூலச்சோடியாகப் பொருள் பெற்றது. 1962 இன் நோபல் பரிசு வாற்சன், கிறிக், வில்கின்ஸ் ஆகியோருக்குக் கிடைத்தது. சார்காஃபுக்குக் கிடைக்கவில்லை.

இதனைக் களவு என்பது மிகை. சமன்பாட்டைக் கண்டவர் அதன் அமைப்பியற் பொருளைக் காணவில்லை. அது தற்செயலானதா என்பதை இன்னும் கூறவியலாதென்றே 1950 இல் எழுதினார். எனினும், அவர் வெறும் தரவு திரட்டியவர் என்பதும் தவறு. எதனை அளக்க வேண்டும் என்ற வினாவே கோட்பாட்டுச் சிந்தனையின் விளைவாகும். 2002 இல் மறைந்த சார்காஃபின் வாழ்வு உணர்த்துவது இதுவே: அதிகாரம் பெற்ற கருத்தை வீழ்த்துவது பெரும்பாலும் எதிர்வாதமன்று, பொறுமையுடன் செய்யப்பட்ட அளவீடே.