எழுத்திலிருந்து ஒலிக்கு: டி. வி. இராமனின் கணிப்பொறிப் பணி

அச்சிட்ட பக்கத்தைக் கண் அறியும் முறையும் செவி அறியும் முறையும் வேறுவேறானவை. தலைப்பு, பத்தி, பின்னக்கோடு, அடுக்கெண் ஆகியவற்றின் இடமும் அளவும் கண்ணுக்குப் பொருள் உணர்த்துகின்றன. செவிக்கு அவை எட்டுவதில்லை. இவ்விடைவெளியைக் கணிப்பொறியின் துணையால் கடக்க முயன்றவர்களுள் டி. வி. இராமன் குறிப்பிடத்தக்கவர்.

1965இல் பிறந்து புனே நகரில் வளர்ந்த இராமன், கண்நீர் அழுத்த நோயால் தம் 14ஆம் வயதில் பார்வையை முற்றிலும் இழந்தார். பாடநூல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டுப் பயின்ற அவர், புனே நவ்ரோஜி வாடியா கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைக் கல்வியும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வும் மேற்கொண்டார்.

அவ்வாய்வின் விளைவே 'ஆஸ்டர்' என்னும் ஒலிவாசிப்பு முறை. 'அ கூட்டல் ஆ வகுத்தல் இ' என்று வாசித்தால், வகுபடுவது கூட்டுத்தொகையா, ஆ மட்டுமா என்பது விளங்காது. அச்சில் ஒரு கோடு இவ்வையத்தை நீக்கிவிடுகிறது. ஆஸ்டர், லாடெக் முறையில் எழுதப்பெற்ற ஆவணத்தின் உள்ளமைப்பை முதலில் மரவடிவில் பகுத்துணரும். பிறகே அதனை ஒலியாக்கும். அடுக்கெண்ணை உயர்ந்த சுருதியிலும் கீழ்க்குறியைத் தாழ்ந்த சுருதியிலும் அது ஒலித்தது. நீண்ட கோவையின் உறுப்புகளுக்குப் பெயரிட்டு, முழுமையை முதலிலும் உறுப்புகளைப் பின்னரும் கூறவல்லதாகவும் இருந்தது. 1994இல் நிறைவுற்ற இவ்வாய்வேடு, ஏ.சி.எம். என்னும் கணிப்பியல் கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேட்டுப் பரிசைப் பெற்றது.

1995இல் அவர் வெளியிட்ட 'ஈமாக்ஸ்பீக்' இக்கொள்கையை அன்றாடக் கணிப்பொறிப் பணிகளுக்கு விரிவாக்கியது. திரையில் தெரியும் நாள்காட்டியைத் திரைவாசிப்பு மென்பொருள் வெறும் எண்வரிசையாக ஒலிக்கும். ஈமாக்ஸ்பீக்கோ, சுட்டி நிற்கும் எண்ணைக் கிழமை, மாதம், ஆண்டு ஆகியவற்றோடு கூறும். திரையின் தோற்றத்தை விடுத்துத் தரவின் பொருளை அது நேரே அணுகுவதே இதற்குக் காரணம். மூல நிரலோடு எவர்க்கும் கட்டற்ற முறையில் வழங்கப்பெற்றமை இம்மென்பொருளின் மற்றொரு சிறப்பு.

அடோபி, ஐ.பி.எம். நிறுவனங்களில் பணியாற்றிய இராமன் 2005இல் கூகுள் நிறுவனத்தில் சேர்ந்தார். பார்வையற்றோர் எளிதில் பயன்படுத்தத்தக்க வலைப்பக்கங்களுக்கு முன்னுரிமை தரும் தேடல் முறை 2006இல் அவரது முயற்சியால் வெளிவந்தது.

இப்பணி தமிழாய்வுக்கும் பொருந்துவதாகும். 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய சொற்களில் ககரம் ஒன்றே. அதன் ஒலிகள் வேறு. '100ஐ' என்று எழுதியதை 'நூறு ஐ' என ஒலித்தல் பிழை. 'நூற்றை' எனப் புணர்ச்சி அறிந்தே ஒலித்தல் வேண்டும். எனவே தமிழ்ப் பனுவலை வாசிக்கும் பொறிக்கு எழுத்தறிவோடு இலக்கண அறிவும் இன்றியமையாதது. வடிவத்தை விடுத்துப் பொருளமைப்பைப் பெயர்த்தல் என்னும் மொழிபெயர்ப்பாளரின் நெறியையே இராமன் செவிப்புலனுக்கு உரியதாக்கினார் எனலாம். பார்வையற்ற தமிழ் மாணவர் கணித நூலைப் பிறர் துணையின்றிக் கற்பதற்கு இந்நெறியில் அமைந்த மொழியியல் உழைப்பே அடிப்படையாகும்.