ஒரு கிராம் மருந்து

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்தபோது, 1960க்கு இரண்டொரு வருஷம் கழித்து, எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு மனிதர் நாள் முழுவதும் பழுதான வலைகளைச் சரி செய்துகொண்டிருப்பார். ஒரு காலத்தில் காசிமேட்டிலிருந்து கட்டுமரம் செலுத்தியவர். பகலில் பார்த்தால் அவரிடம் ஒரு குறையும் தெரியாது. நேராக நடப்பார், கூடையைத் தூக்கித் தலையில் வைப்பார். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். தெருவில் மின்சாரம் நின்றுவிட்டாலோ, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது. ஆனாலும், "எல்லாம் சாராயம் செய்கிற வேலை" என்று சொல்ல எங்கள் தெருவில் யாரும் தயங்கவில்லை.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்: "ஏன் அண்ணே, ராத்திரியானால் இப்படித் தள்ளாடுகிறீர்கள்?"

"கண்ணு தெரியுற வரைக்கும் காலு தெரியுது தம்பி. இருட்டிப் போச்சுன்னா தரை எங்க இருக்குதுன்னே புரியல. நெஞ்சு நோவுக்கு ஊசி போட்டாங்கல்ல, அதுலேருந்துதான்."

அது ஸ்டிரெப்டோமைசின் என்று எனக்குத் தெரிய வெகு காலம் ஆயிற்று.

க்ஷயரோகம் என்றால் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிய காலம் ஒன்று உண்டு. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு, இவைதாம் வைத்தியம். 1928இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் போன்ற இடங்களுக்குப் போக முடிந்தவர்கள் போனார்கள். பெனிசிலின் வந்தும் இந்த நோயிடம் அதன் ஜபம் பலிக்கவில்லை. 1943இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். நோபல் பரிசு 1952இல் அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. அதற்கு முன்பே குருவும் சிஷ்யரும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வியாஜ்யம் ஒரு நாவலுக்குக் காணும்; இங்கே வேண்டாம்.

இந்த மருந்தை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். 1948இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு இது: 107 நோயாளிகள். 55 பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம் ஸ்டிரெப்டோமைசின். மீதி 52 பேருக்குப் படுக்கையில் ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 14 பேர். இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் அநேகமாகக் கரைந்து போயிருந்தது. கோடிக்கணக்கான கிருமிகளுக்கு நடுவே இந்த மருந்துக்கு மசியாதவை சில இருக்கும். மருந்து தனியாகப் போனால் மற்றவை சாகும். அந்தச் சில பெருகிக் குடும்பம் நடத்தும். அப்புறம் எத்தனை ஊசி போட்டாலும் வீண். துணைக்கு வேறொரு மருந்து போனால்தான் மிஞ்சுவதையும் அது தீர்த்துக்கட்டும்.

இன்னொன்றும் அதில் தெரிந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைசுற்றல். நம் உட்காதில், உடம்பு நிமிர்ந்து நிற்கிறதா சாய்கிறதா என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றைக் கொல்லும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. பகலில் கண் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். இருட்டில் கண்ணுக்கு ஏது வேலை? குமாஸ்தாவுக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். நள்ளிரவில் நாலு மரக்கட்டைகளின் மேல் நின்று வலை வீசுகிறவனுக்கு அது பிழைப்பே போன மாதிரி.

அதே 1948இல் ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்வெலுக்கும் இந்த மருந்தை அமெரிக்காவிலிருந்து தருவித்துப் போட்டார்கள். தோல் உரிந்தது, வாயெல்லாம் புண், தலைமயிர் கொட்டிற்று. நிறுத்திவிட்டார்கள். 1950 ஜனவரியில் அவர் காலமானார்.

நம் ஊர் இந்தக் கதைக்குள் வருவது 1956இல். சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. முதலில் பட்டணத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகள். ஊசி இல்லை. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமானார்கள்; அவர்களோடு இருந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. பாலும் முட்டையும் மலைக்காற்றும் இல்லாமலே!

அடுத்த கேள்விதான் என் கட்டுமரக்காரருடையது. ஏழைகளுக்குத் தினமும் ஊசி போடத்தான் வேண்டுமா? வாரத்தில் இரண்டே நாள், நர்ஸ் கண்ணெதிரே, ஸ்டிரெப்டோமைசின் ஊசியும் ஐசோநயஸிட் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தினசரி மாத்திரைகளுக்கு இது சற்றும் இளைத்ததல்ல என்று 1964இல் வெளியான முடிவு சொல்லிற்று. ஊசியின் எண்ணிக்கை குறைந்தது. நோயாளி வாரம் இரண்டு முறை ஒருவர் கண்ணில் பட்டார். தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் உண்டா என்று கேட்க ஆள் இருந்தது.

எதிர்வீட்டுக்காரருக்கு அப்படிக் கேட்க யாருமில்லை. தெருமுனையில் ஒரு கம்பவுண்டர் தினமும் ஊசி போட்டார், துணை மருந்து இல்லாமல். "தலை சுத்துது" என்றதற்கு, "வெறும் வயிறு, கஞ்சி குடி" என்றாராம். கையில் பணம் உள்ளவரை போட்டார். பணம் தீர்ந்ததும் நிறுத்தினார். இருமல் திரும்பி வந்தது. பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரைகள்தாம் அவரைப் பிழைக்க வைத்தன. இந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாகத்தான் வெளியேறும். அது பழுதுபட்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அளவைக் குறைக்க வேண்டும். கர்ப்பிணிக்குப் போட்டால் குழந்தையின் காதுக்கு ஆபத்து. இதெல்லாம் அந்தக் கம்பவுண்டருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

ஒருமுறை நோய் வந்து திரும்பியவர்களுக்கு ஸ்டிரெப்டோமைசின் சேர்த்துக் கொடுத்துவந்த முறையை இனிக் கைவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொல்லிவிட்டது. இப்போது பெரும்பாலும் மாத்திரைகளே.

அவர் கடைசிவரை கரையில்தான் இருந்தார். விடியற்காலை மரங்கள் திரும்பும் நேரத்துக்கு, நன்றாக வெளுத்த பிறகு, மணலில் இறங்கிப் போய் மற்றவர்களோடு சேர்ந்து கயிறு இழுப்பார்.