கம்பி வந்த தெரு

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, என் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். நாலு பேர் கையிலும் நாலு கைப்பேசி. ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தைக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே, இந்த வீட்டிலே பேச்சே கிடையாதா?" என்று கேட்டாள்.

இதே கேள்வியை விஞ்ஞான ரீதியாகக் கேட்டவர் ராபர்ட் க்ரௌட். அமெரிக்காவில், இரும்பு ஆலைகளுக்குப் பேர்போன பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னெகி மெலன் சர்வகலாசாலையில் அவர் பேராசிரியராக இருந்தார். 1995, 1996 ஆண்டுகளில் அவரும் சகாக்களும் 93 குடும்பங்களைப் பிடித்து, வீட்டுக்கொரு கணினியும் தொலைபேசி இணைப்பும் இனாமாகக் கொடுத்தார்கள். யார் எத்தனை நேரம் இணையத்தில் இருந்தார்கள் என்பதைக் கணினியே கணக்கு வைத்துக்கொண்டது. முடிவு 1998-இல் வெளிவந்தது. இணையத்தில் அதிகம் புழங்கியவர்கள் வீட்டாருடன் பேசுவது குறைந்திருந்தது. சிநேகிதர் வட்டம் சுருங்கியிருந்தது. தனிமை உணர்ச்சி கூடியிருந்தது. மாறுதல் மிகச் சிறிதுதான். ஆனாலும் பத்திரிகைகளுக்கு அது போதாதா? நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டது.

க்ரௌட் நேர்மையான மனிதர். அதே ஜனங்களை மறுபடியும் தேடிப் போய் விசாரித்தார். 2002-இல் அவர் எழுதியது, பழைய கெடுதல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்பதுதான். அத்துடன் புதிதாகச் சிலரையும் ஆராய்ந்து ஒரு விஷயம் சொன்னார்: கலகலப்பாகப் பழகுகிறவனுக்கு இணையத்தால் லாபம், கூச்சக்காரனுக்கு நஷ்டம். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நான் எந்தக் கட்சி என்பது என் அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் கனடாவில் வேறொரு வேடிக்கை நடந்தது. டொரொண்டோவின் புறநகர் ஒன்றில் 109 புது வீடுகள். எல்லாவற்றுக்கும் அதிவேக இணையம் தருவதாக ஏற்பாடு. ஆனால் 64 வீடுகளுக்குத்தான் கம்பி வந்தது. மற்றவர்கள் வேண்டாமென்று சொன்னவர்கள் அல்லர், காத்திருந்து ஏமாந்தவர்கள். ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? கீத் ஹாம்ப்டன் என்ற மாணவர் 1997-இல் அங்கேயே குடியேறி, 1999 வரை இருந்து பார்த்தார். அவரும் பேராசிரியர் பாரி வெல்மனும் எழுதிய கணக்கு இது: கம்பி வந்த வீட்டுக்காரருக்குச் சராசரி 25 அண்டை அயலாரின் பெயர் தெரிந்திருந்தது, வராத வீட்டுக்காரருக்கு எட்டு. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவதும் கம்பி வீட்டாரிடமே அதிகம். தெருவுக்கென்று இருந்த மின்னஞ்சல் பட்டியலில் விருந்துக்கு அழைத்தார்கள். வீடு கட்டிக் கொடுத்தவரின் குறைபாடுகளை எதிர்த்து ஒன்று கூடினார்கள். பரீட்சார்த்தம் முடிந்தது, இணைப்பை எடுக்கப் போகிறோம் என்றபோது, அதே பட்டியலின் மூலம் அதற்கும் சண்டைக்குக் கிளம்பினார்கள்!

பிட்ஸ்பர்க்கில் கம்பி தூரத்துக்குப் போயிற்று. இங்கே எதிர்வீட்டுக்குப் போயிற்று. வித்தியாசம் அதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் படித்த பிறகு, ஆறு வருஷமாக நான் குடியிருக்கும் தெருவில் எனக்குப் பெயர் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணினேன். ஐந்து பேர். ஐந்தாவது, எதிர்வீட்டு அம்மாள். அவர் பெயரையும், அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிற செய்தியையும், நாலு நாள் தங்கிய அத்தைதான் ஊருக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனாள்.