உருகுகம்பி முதல் தானியங்கு விசை வரை

கல்கத்தாவின் இமாம்பாக் சந்தில் 1899-ஆம் ஆண்டு மின்னுற்பத்தி நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தே, இல்லங்கள் வேண்டியவை பெரும்பாலும் விளக்கும் விசிறியுமே. மிகையான மின்னோட்டம் பாய்ந்தால், உருகுகம்பி தான் உருகி வீட்டைக் காத்தது. அடிக்கடி அறுகிறதென்று தடித்த கம்பியைச் செருகியோர் அக்காவலையே இழந்தனர். சுவருக்குள் ஓடும் கம்பி காய்ந்து தீப்பற்ற வழி பிறந்தது. ஜெர்மனியில் ஹூகோ ஸ்டோட்ஸ் 1924-இல் காப்புரிமை பெற்ற சிறு விசையோ, மிகை கண்டதும் தானே விழும், மீண்டும் தூக்கிவிடலாம்.

வெளிமாநிலங்களில் வாடகை இல்லங்களில் வாழும் நாம், 16 ஆம்பியர் இணைப்பு ஒன்றிலேயே 2000 வாட் மின்னடுப்பையும், 2000 வாட் கெய்சரையும், 1500 வாட் கெட்டிலையும் சேர்த்து இயக்கினால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 24 ஆம்பியர் பாயும். விசை விழுவது பழுதன்று, எச்சரிக்கை. கம்பியை மாற்றாது பெரிய விசையை மாட்டுவது, அன்று தடித்த கம்பியைச் செருகிய பிழையே. ஒன்றை அணைத்து மற்றொன்றை இயக்குவோமாக.