போதைப்பொருள் வழக்குகளில் எதிர்வாதம்

போதைப்பொருள் வழக்கில் கைதானவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் சட்ட வழிகள் இவை. ஐதராபாத் மௌலா அலியில் பிடிபட்டாலும் மதுரையில் பிடிபட்டாலும் பொருந்துவது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டமே.

அளவுதான் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு. இத்தகைய வழக்கில் 37ஆம் பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால்தான் ஜாமீன். விசாரணை நடக்கும் முன்பே இதைக் காட்டச் சொல்வது மிகக் கடுமையான நிபந்தனை.

ஆகவே எதிர்வாதம் பெரும்பாலும் நடைமுறைப் பிழைகளைப் பற்றியே நிற்கிறது. உடற்சோதனைக்கு முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமையைச் சொல்ல வேண்டும் (பிரிவு 50). அவர் வைத்திருக்கும் பையைச் சோதிப்பதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. மாதிரி எடுத்தது எப்படி, முத்திரை சிதையாமல் இருந்ததா என்பவையும் முக்கியம்.

தோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 67ஆம் பிரிவின் கீழ் அதிகாரிகள் பெறும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்க முடியாது என்று 2:1 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வாக்குமூலத்தை மட்டுமே நம்பிய வழக்குகளின் அடித்தளம் அதோடு தகர்ந்தது.

காவலில் இருப்பவர் எவருக்கும், வருமானம் எதுவானாலும், இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. தேசியச் சட்டப்பணிகள் ஆணைய உதவி எண்: 15100.