பாணர் மரபில் ஓர் ஓவியர்

தரமணியிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் திருவான்மியூர் வரும். 1994-இல் தொடங்கப்பெற்ற தாரா புக்ஸ் என்னும் பதிப்பகம் இன்று அங்கே இயங்கி வருகிறது. அது வெளியிட்ட நூல்களுள் ஒன்று, மத்தியப் பிரதேசத்து மலைச் சிற்றூர் ஒன்றில் பிறந்த இளைஞரை உலகறியச் செய்தது. பஜ்ஜு சியாம் என்பது அவர் பெயர். 1971-இல் பாட்டன்கர் என்னும் ஊரில் பிறந்தவர்.

கோண்டு மக்களைப் பற்றி மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அவர்களுடைய கோண்டி மொழி நம் தமிழுக்கு உறவுடைய திராவிட மொழி. நாம் கண் என்பதை அவர்களும் கண் என்றே வழங்குவர். அம்மக்களின் குலக்கதைகளைப் பானா என்னும் நரம்புக்கருவியை மீட்டிப் பாடிவந்தோர் பர்தான்கள் எனப்படுவோர். புரவலரை நாடிச் சென்ற நம் சங்ககாலப் பாணரை இவர்கள் நினைவூட்டவில்லையா? புரவலர் வறியராகவே, பாட்டுக்குக் கிடைத்த பரிசிலும் குறைந்தது. பாடியோரின் பிள்ளைகள் கூலிவேலைக்குச் சென்றனர்.

ஆயினும் வீட்டுச் சுவரில் பெண்கள் வண்ணமண்ணால் கோலமிடும் வழக்கம் மறையவில்லை. 1981-இல் போபாலில் உருவாகிக்கொண்டிருந்த பாரத பவனுக்காகக் கலைப்பொருள் தேடிச் சென்றவர்கள், பாட்டன்கர்ச் சுவரொன்றில் ஜங்கர் சிங் சியாம் என்னும் இளைஞர் தீட்டிய ஓவியத்தைக் கண்டு வியந்தனர். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஓவியர் ஜெ. சுவாமிநாதன் சிம்லாவில் பிறந்த தமிழர். ஜங்கர் போபாலுக்கு வந்தார். 1989-இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் படைப்பு இடம்பெற்றது. உறவினர் பலரைத் தம் வீட்டிற்கு அழைத்துத் தொழில் கற்பித்தார். 2001-இல் ஜப்பானிய அருங்காட்சியகம் ஒன்றில் பணிபுரியச் சென்ற இடத்தில், தாய்நாடு திரும்பாமலே உயிர்நீத்தார். புகழ் ஒருவனுக்குத் துணையாகிவிடாது என்பதை அம்மரணத்தில் கண்டேன்.

அவர் வீட்டில் பயின்றவர்களுள் ஒருவர்தாம் பஜ்ஜு. போபாலில் இரவுக் காவலராகவும் மின்பணியாளராகவும் உழைத்த அவர், முதலில் ஜங்கர் வரைந்த உருவங்களின் உட்புறத்தை நுண்கோடுகளால் நிரப்பும் வேலையையே செய்தார். குருவின் கோட்டுக்குள் அடங்கியிருக்கும் அப்பொறுமை இக்காலத்து இளைஞர்க்குச் சற்றுக் கசக்கும்!

2002-இல் இலண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்ட அவர் அழைக்கப்பெற்றார். ஆங்கிலேயர் நம் காடுகளைப் பற்றி எத்தனையோ நூல்கள் எழுதினர். இப்பொழுது காட்டு மகன் ஒருவன் அவர்தம் தலைநகரை உற்று நோக்கினான். வானூர்தி அவர் கண்ணுக்குப் பறக்கும் யானை. மாலையில் மதுக்கடையில் கூடுவோர் வௌவால்கள். நாள்தோறும் தவறாமல் ஏற்றிச்சென்ற முப்பதாம் எண் பேருந்து நன்றியுள்ள நாய். இவ்வோவியங்கள் 2004-இல் ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்னும் நூலாக நம் சென்னையிலிருந்து வெளிவந்தன.

சுவரோவியத்தைத் தாளுக்கு மாற்றியது மரபைக் கெடுப்பதாகாதா எனச் சிலர் வினவுவர். எனக்கு அவ்வச்சம் இல்லை. சுவரில் வரைந்தவள் பெயரை யாரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் அவள் கோலமும் கரைந்தது. 2006-இல் மரங்களின் இரவு வாழ்க்கையைக் காட்டும் நூல் கைவினைக் கறுப்புத்தாளில் அச்சாயிற்று. அதன்மேல் பஜ்ஜுவுடன் துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகியோர் பெயர்களும் பொறிக்கப்பெற்றன. இந்திய அரசு பஜ்ஜுவுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

அவருடைய இலண்டன் படங்களுள் புகழ்பெற்ற மணிக்கூண்டைத் தேடிப் பாருங்கள். அதனோடு இணைந்து ஒரு சேவல் நிற்கிறது. பாட்டன்கரில் பொழுதறிவிப்பது அதுதான்.